இருவரில் ஒருவர்

பிறையன் கிளஃப் என்னும் பெயரை உதைபந்தாட்ட ஆர்வலர் அனைவரும் அறிவர். இங்கிலாந்தின் தலைசிறந்த பயிற்றுவிப்பாளருள் ஒருவர் அவர். ஆயின் அவர் புகழ் பேசப்படும் இடங்களில் பீற்றர் டெயிலரின் பெயர் ஓர் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகின்றது. இது நீதியன்று என்பதே என் கட்சி.

கிளஃப் பெரும் ஆட்டக்காரர், அதில் ஐயமில்லை. மிடில்ஸ்பரோ, சண்டர்லண்ட் ஆகிய கழகங்களுக்காக 274 லீக் ஆட்டங்களில் 251 கோல்களைப் போட்டவர். 1962ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள், எதிரணியின் கோல் காப்பாளரோடு மோதியதில் அவரது முழங்கால் சிதைந்தது. வயது 27. ஈராண்டின் பின் மீண்டும் ஆட முயன்றார். மூன்று லீக் ஆட்டங்களோடு அம்முயற்சி முடிந்தது.

1965இல், நான்காம் பிரிவில் தத்தளித்த ஹாட்லிபூல்ஸ் கழகம் அவரைத் தன் பொறுப்பாளராக்கியது. உடனே தமக்குத் துணையாக டெயிலரை அழைத்துக்கொண்டார். டெயிலர் மிடில்ஸ்பரோவில் அவரோடிருந்த கோல் காப்பாளர். இளைஞனான கிளஃப்பின் ஆற்றலைப் பிறர் உணருமுன் உணர்ந்தவர்.

கிளஃப்புக்கு நா வாய்த்தது. டெயிலருக்குக் கண் வாய்த்தது. எவனை வாங்கலாம், எவனை எவ்விடத்தில் நிறுத்தலாம் என்பதை டெயிலர் கண்டு சொல்வார். முன்னணியில் ஆடியவரும், முரடர் எனப் பெயரெடுத்தவருமான கெனி பேர்ன்ஸைப் பின்னணிக் காவலராக்கியதில் அவர் பங்கு பெரிது. அந்த பேர்ன்ஸே 1978இல் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தெரிவானார். (நூலாசிரியரைப் புகழும் நாம், அவரது கைப்பிரதியைத் திருத்திக் கொடுத்தவரை எப்போதேனும் நினைப்பதுண்டா?)

ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். இருவரும் சேர்ந்திருந்தபோது டேர்பி கழகம் 1972இல் முதற்பிரிவுப் பட்டத்தை வென்றது. 1974இல் கிளஃப் தனியே லீட்ஸுக்குப் போனார். 44 நாட்களில் வெளியேற்றப்பட்டார். 1975இல் நொட்டிங்காம் பொறஸ்ற் கழகத்துக்கு வந்தார். ஒன்றரை ஆண்டு இரண்டாம் பிரிவிலேயே கிடந்தார். 1976இல் டெயிலர் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு முதற்பிரிவு, 1978இல் பட்டம், 1979இலும் 1980இலும் ஐரோப்பியக் கிண்ணம்!

டெயிலர் விலகிய பின்னரும் 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் கிளஃப் லீக் கிண்ணத்தை வென்றார் என்று மறுப்போர் கூறலாம். உண்மையே. ஆயினும் முதற்பிரிவுப் பட்டமோ ஐரோப்பியக் கிண்ணமோ மீண்டும் அவர் கைக்கு வரவில்லை.

1983இல், டேர்பியின் பொறுப்பை ஏற்றிருந்த டெயிலர், பொறஸ்ற் வீரர் ஜோன் றொபேட்சனைத் தம் கழகத்துக்குச் சேர்த்துக்கொண்டார். அதைக் கிளஃப்பிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேச்சு முறிந்தது. 1990இல் டெயிலர் மறையும்வரை அது ஒட்டவேயில்லை. 1994இல் வெளிவந்த தம் தன்வரலாற்றைக் கிளஃப் அவருக்கே உரித்தாக்கினார். கேட்க வேண்டியவர் அப்போது இல்லை.

கிளஃப் 2004இல் மறைந்தார். நொட்டிங்காம் நகரில் 2008இல் நிறுவிய சிலையில் அவர் தனியே நிற்கின்றார். டேர்பி மைதானத்தின் வெளியே 2010இல் நிறுவிய சிலையில் இருவரும் நிற்கின்றனர். சிற்பத்தின் அழகு பற்றி எனக்குத் தெரியாது. வரலாறு தெரிந்தவர்கள் டேர்பிக்காரர்களே.