மெக்கானிக் பார்க்காத காலை

காலை ஏழு மணி. அருள்புரத்துல பனியன் கம்பெனி வேன்கள் ஆள் ஏத்திட்டுப் போற நேரம். எங்க வீட்டுக் கார் மட்டும் ஸ்டார்ட் ஆகும், குலுங்கும், ஆஃப் ஆயிடும். மறுபடி சாவி திருப்பினா அரை நிமிஷம் நடுங்கிட்டு, அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும். செக்கிங் முடிஞ்ச பீஸ் பண்டலை எட்டு மணிக்குள்ள கம்பெனியில சேர்க்கணும். அப்பாவுக்கு அதுதான் பொழப்பு.

பேட்டரி மாத்தினோம். பிளக் நாலும் மாத்தினோம். ஏழாயிரம் ரூபாய் போச்சு, நடுக்கம் போகலை.

இந்த இடத்துல மெக்கானிக்கைத் திட்டறது சுலபம். ஆனா யோசிச்சுப் பாருங்க. வண்டி அவர் பட்டறைக்குப் போய்ச் சேரும்போது இன்ஜின் சூடாயிடுது, பிரச்சினையும் மறைஞ்சிடுது. கண்ணுல படாத நோய்க்கு அவர் என்ன வைத்தியம் பண்ணுவார்? யூகிச்சு ஒரு பார்ட்டை மாத்துவார். அதனால நான் சொல்றது இதுதான்: காலை ஸ்டார்ட்டிங் கோளாறைக் கவனிக்க வேண்டிய ஆள் வண்டி வெச்சிருக்கிறவர்தான். அந்த வீட்டுல ஒரு இன்ஜினியரிங் மாணவர் இருந்தா, அது அவரோட வேலை. எனக்கு இது உறைக்கவே மூணு மாசம் ஆச்சு.

எங்க ஊர் நிட்டிங் மெஷின்காரங்களைப் பாருங்க. துணியில நீளவாக்குல கோடு விழுந்தா முதல்ல ஊசியைப் பார்ப்பாங்க. குறுக்குவாக்குல பட்டை விழுந்தா நூலையும் அதோட டென்ஷனையும் பார்ப்பாங்க. மெஷினைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே துணி பாதி பதிலைச் சொல்லிடுது. காரும் அப்படித்தான் சொல்லும், நாமதான் கேக்கறதில்லை.

முதல் கேள்வி: செல்ஃப் எப்படிச் சுத்துது? இழுத்து இழுத்துச் சுத்தினா பேட்டரி, டெர்மினல், எர்த் வயரைப் பாருங்க. எங்க வண்டி ஆரம்பத்துல இருந்தே ஜோராத்தான் சுத்துச்சு. அதைக் கவனிச்சிருந்தா பேட்டரி காசு மிஞ்சியிருக்கும். ரெண்டாவது: எப்போ நடுங்குது? ராத்திரி முழுக்க நின்னா மட்டும்தான். மதியம் ரெண்டு மணி நேரம் நின்னு எடுத்தா ஒரு குறையும் இல்லை. மூணாவது: வெள்ளைப் புகை நிக்காம வந்து, கூலன்ட்டும் குறையுதா? அப்படின்னா ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், வண்டியை ஓட்டாதீங்க. எங்களுக்கு அது இல்லை.

"எல்லாம் எத்தனால் பெட்ரோல் பண்ற வேலை"ன்னு தெருவுல பாதிப்பேர் சொன்னாங்க. முழுக்கப் பொய்னும் சொல்ல முடியாது. எத்தனால் ஆவியாக பெட்ரோலைவிட ரெண்டு மடங்குக்கு மேல வெப்பம் வேணும். பிரேசில்ல முழு எத்தனால்ல ஓடின கார்கள்ல, குளிர்ல ஸ்டார்ட் பண்றதுக்குன்னே தனியா ஒரு குட்டி பெட்ரோல் டேங்க் இருந்துச்சு. ஆனா இங்க கலக்கிறது 20 சதவீதம், அருள்புரம் அவ்வளவு குளிர்ற ஊரும் இல்லை. அதே பங்க்ல பெட்ரோல் போடற எங்க மாமா கார் ஒரே திருப்புல கிளம்புது. அப்போ தப்பு எங்க வண்டிக்குள்ளதான்.

மிச்சம் ரெண்டு சந்தேகம். ஒண்ணு, ராத்திரியில பெட்ரோல் பிரஷர் இறங்கிடுதா? சாவியை ஆன்ல வெச்சு ரெண்டு செகண்ட் பம்ப் ஓடவிட்டு, ஆஃப் பண்ணி, இப்படி மூணு தடவை செஞ்சு அப்புறம் ஸ்டார்ட் பண்ணேன். அதே நடுக்கம். அப்போ அது இல்லை.

ரெண்டாவது, கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். நண்பன்கிட்ட ஓபிடி ஸ்கேனர் வாங்கி, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி போன்ல பார்த்தேன். ராத்திரி முழுக்க நின்ன இன்ஜின்ல உள்ள வர்ற காத்தும் கூலன்ட்டும் கிட்டத்தட்ட ஒரே டிகிரி காட்டணும். காத்து 24, கூலன்ட் 62! இன்ஜின் ஏற்கெனவே சூடா இருக்குன்னு நம்பி ஈசியூ பெட்ரோலைக் குறைச்சு ஊத்தியிருக்கு. பகல்ல நிஜமாவே இன்ஜின் சூடா இருக்கிறதால சென்சார் சொல்ற பொய் வெளியே தெரியலை. 62 டிகிரிங்கறது நடக்கக்கூடிய அளவுங்கறதால செக் இன்ஜின் லைட்டும் எரியலை. மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தா, 2 கிலோ ஓமுக்கு மேல காட்ட வேண்டிய சென்சார் 600 ஓம்தான் காட்டுச்சு.

அந்த சென்சார் வேற ஒண்ணும் இல்லை, ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும்னு முதல் வருஷ லேப்ல கிராஃப் போட்டு, அதுக்கு மார்க்கும் வாங்கினேன். அதே சாமான் எங்க வீட்டு வாசல்ல மூணு மாசமா தப்புக் கணக்குச் சொல்லிட்டு இருந்துச்சு. எனக்குத்தான் தெரியலை. இந்த வெட்கத்துலதான் இதை எழுதறேன்.

பார்த்ததையெல்லாம் ஒரு தாள்ல எழுதி மெக்கானிக் அண்ணன்கிட்ட குடுத்தேன். சென்சார், வேலைக் கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குள்ள முடிஞ்சுது. "இப்படி எழுதிக் கொண்டாந்தா எனக்கும் வேலை சுளுவுங்க தம்பி"ன்னார்.

உங்க வீட்டு வண்டியும் காலையில திக்குதா? நாளைக்குச் சாவி போடும்போது நாலு விஷயம் எழுதுங்க: எவ்வளவு நேரம் நின்னுச்சு, செல்ஃப் எப்படிச் சுத்துச்சு, எத்தனை செகண்ட் நடுங்குச்சு, புகை என்ன நிறம். பர்ஸைத் திறக்கறது அதுக்கப்புறம்.