வில்லை அல்ல, விதியைப் பாருங்கள்

மான் பயிரை மேய்வது நம் ஊர்க் குடியானவரின் கவலை மட்டுமல்ல. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பண்ணையும் புறநகரும் அடுத்தடுத்து இருக்கின்றன. அங்கே மானைத் தின்னும் ஓநாய் அற்றுப்போய் வெகுகாலம் ஆகிறது. சோயா வயலும் வீட்டுத் தோட்டமும் வெள்ளைவால் மானுக்கு மேய்ச்சல் நிலமாகிவிட்டன. நல்ல தீனி கிடைத்தால் ஒரு பெட்டை பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும்.

ஆகவே அங்கே பருவம் வகுத்து, உரிமம் கொடுத்து வேட்டையாட விடுகிறார்கள். குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 450 அடிக்குள் துப்பாக்கியுடன் வேட்டையாடக் கூடாது. வில்லுக்கும் அதே தூரம்தான் இருந்தது. 2010-இல் அதை 150 அடியாகக் குறைத்தார்கள். ஆனால் 450 அடிக்குள் வருகிற வில்லாளி, மரத்துப் பரண் போன்ற உயரமான இடத்திலிருந்து கீழ்நோக்கியே எய்ய வேண்டும். தவறிய அம்பு தரையில் குத்தும். அடுத்த வீட்டு முற்றத்துக்குப் போகாது. கிடாவை மட்டும் வீழ்த்தினால் மந்தை குறையாது என்பதால், சில வட்டாரங்களில் முதலில் ஒரு பெட்டையை வீழ்த்தினால்தான் கிடாவுக்கு அனுமதி என்றும் விதி செய்தார்கள்.

பண்ணையிலேயே குடியிருக்கும் விவசாயி, பருவத்தில் தன் நிலத்தில் உரிமம் இன்றியே வேட்டையாடலாம். பயிர்ச்சேதம் மிகுந்தால் தனி அனுமதியும் கேட்கலாம். இதுவே நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அது நியாயமே. நம் காட்டுப் புலியும் செந்நாயும் மானை நம்பித்தான் வாழ்கின்றன. அவர்கள் வில்லை நாம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் எவரும் அளந்து பார்க்கக்கூடிய விதியும், அதில் விவசாயிக்கு ஓர் இடமும் நமக்கும் வேண்டும்.

காட்டுப்பன்றிக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்த முறையும் தூரக் கணக்குதான். காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக் கூடாது; 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும்; 3-க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். வரவேற்கத்தக்க ஏற்பாடு. எனினும் நிலக்கடலைக் காட்டைப் பன்றி ஒரே இரவில் கிளறிவிடும். மனுவோ மேசை மேசையாக நகர வேண்டும். மனுக் கொடுத்த இத்தனை நாளுக்குள் ஆள் வரும் என்று அந்த நாட்கணக்கும் விதியிலேயே இருக்க வேண்டும். மானால் அழிந்த பயிருக்கு இழப்பீடும் அவ்வாறே கெடுவுக்குள் வர வேண்டும்.

பதில் வராத ஊரில்தான் வேலியில் திருட்டு மின்சாரம் பாய்கிறது. அதில் மாள்வது பன்றி மட்டுமல்ல. யானையும் மாள்கிறது, இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதனும் மாள்கிறான். வேலியில் மின்சாரம் விடாதீர்கள். சேதத்தை அன்றைக்கே எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள். அடுத்த கிராம சபையில் நாட்கணக்கைக் கேட்டுத் தீர்மானம் போடுங்கள்.