சுவரில் யானை, ஏரியில் குளவாழை

காட்டுயிரை வரைந்துவிட்டால் காட்டுயிரைக் காத்ததாகிவிடும் என்ற நம்பிக்கை நகரங்களில் ஆழ வேரூன்றியிருக்கிறது. மதிற்சுவரில் புலி, அலுவலக வரவேற்பறையில் இருவாட்சி, நாட்காட்டியில் சிங்கவால் குரங்கு. கீழே ஒரு வரி: 'இயற்கையைக் காப்போம்'. அந்த வரிக்குப் பிறகு ஒன்றும் நிகழ்வதில்லை. 1990இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க்கைச் சுற்றி வளர்ந்த கழக்கூட்டத்தில் இத்தகைய கலைக்குப் பணமும் உண்டு, சுவரும் உண்டு, கைதட்டலும் உண்டு. ஓவியத்துக்குப் பிறகு காட்டுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்ற கணக்கு மட்டும் இல்லை.

கணக்குக் காட்டக்கூடிய கலை எப்படியிருக்கும் என்பதற்கு நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் போதிய சான்று இருக்கிறது. பெட்டக் குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோலிகர் சமூகங்களைச் சேர்ந்த ஏறக்குறைய இருநூறு பேர் அங்கே உண்ணிச்செடியின் குச்சிகளைக் கொண்டு யானைகள் செய்கிறார்கள். குச்சியை வேகவைத்துப் பட்டை உரித்து, இரும்புக் கம்பிச் சட்டத்தின்மேல் வளைத்துக் கட்டுகிறார்கள். பொத்தாம்பொதுவான யானையை அவர்கள் செய்வதில்லை. தங்கள் ஊரைச் சுற்றி நடமாடும், தாங்கள் அடையாளம் அறிந்த யானைகளை உருவளவில் செய்கிறார்கள். அந்தக் கூட்டம் 2021 கோடையில் லண்டன் அரச பூங்காக்களில் நின்றது. 2024 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் தொடங்கி, நியூயார்க், மயாமி என நூறு யானைகள் ஊர் ஊராகப் போயின. விற்ற தொகை மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழ உழைக்கும் அமைப்புகளுக்குப் போகிறது. செய்தவர்களுக்குக் கூலியும் கிடைக்கிறது.

இங்கே கலைப்பொருளின் மூலப்பொருளே ஒரு வாதம். உண்ணிச்செடி அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து காலனிக்காலத்தில் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. இன்று இந்தியப் புலிவாழ் காடுகளில் 1,54,000 சதுர கிலோமீட்டர் பரப்பில், அதாவது நாற்பது விழுக்காட்டுக்கும் மேல், அது பரவிவிட்டதாக 2020இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அது அடர்ந்த இடத்தில் புல் முளைப்பதில்லை. புல் இல்லாத காட்டில் யானைக்கு என்ன வேலை? அது தோட்டத்துக்குள் வருகிறது. இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஐந்நூறு பேர் யானைகளால் இறக்கிறார்கள். அந்தச் சாவுகள் கண்ணாடிக் கட்டடங்களில் நிகழ்வதில்லை. யானைச் சிலை செய்யும் அதே குடியிருப்புகளின் ஓரத்தில்தான் நிகழ்கின்றன.

எதிர்வாதங்கள் உண்டு. சில நூறு சிலைகளால் இவ்வளவு பெரும்பரப்பின் புதர் குறையாது என்பார்கள். உண்மை; குறையாது. கப்பலில் ஏற்றிக் கடல் கடத்துவது சூழலுக்கு நல்லதா என்பார்கள். அந்தக் கேள்வியும் நியாயமே. ஆனால் இக்கேள்விகளைக் கேட்பவர்கள் சுவர்ப் புலியிடம் இவற்றில் ஒன்றையேனும் கேட்டதுண்டா? காட்டில் வாழ்பவரின் கைக்குக் காசு கொடுத்த கலையை நுண்ணோக்கி வைத்துப் பார்ப்பதும், எதுவும் கொடுக்காத கலையை 'விழிப்புணர்வு' என்று வாழ்த்துவதும் ஒருசார்பான தராசு.

பங்குக் கணக்குக்கு இதே திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஒரு முன்னுதாரணம் உண்டு. 1987இல் அகத்தியமலையில் காணி வழிகாட்டிகள் களைப்புத் தீர உண்ட ஆரோக்கியப்பச்சையிலிருந்து, பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் நிறுவனம் 'ஜீவனி' மருந்தை உருவாக்கியது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவாயிற்று. எல்லாக் காணிகளிடமும் கேட்கப்படவில்லை என்ற குறை அதன்மேல் உண்டு. ஆனாலும் அறிவு யாருடையது, பணம் யாருக்கு என்ற கேள்வி அங்கே எழுத்தில் வைக்கப்பட்டது. மருந்துக்கு அந்தக் கேள்வி பொருந்துமென்றால், காணிகளின் மலையையும் அதன் விலங்கையும் வரைந்து விற்கும் ஓவியத்துக்கு ஏன் பொருந்தாது?

கழக்கூட்டத்துக்கு யானை வேண்டியதும் இல்லை. அந்த ஊரின் காட்டுயிர் தண்ணீரில் இருக்கிறது: நீர்க்காகம், கொக்கு, நீலத் தாழைக்கோழி. 2023 அக்டோபர் மழையில் தெற்றியாறு கரைபுரண்டு டெக்னோபார்க்கின் மூன்றாம் கட்டப் பகுதியை மூழ்கடித்தபோதுதான், அப்படியொரு ஆறு இருப்பதே பலருக்குத் தெரிந்தது. அந்த ஆறு போய்ச் சேரும் வேளி–ஆக்குளம் ஏரியைக் குளவாழை மூடிக் கிடக்கிறது. தமிழ்நாட்டார் வெங்காயத்தாமரை என்றும் ஆகாயத்தாமரை என்றும் சொல்வது அதைத்தான். அதுவும் தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காக வந்த செடி. உலர்த்தினால் அதன் தண்டைக் கூடையாகவும் பாயாகவும் முடையலாம். கூடலூரின் பாடம் இங்கே அப்படியே பொருந்துகிறது. ஆனால் ஏரிக்கரைப் பெண்களுக்குக் கூலி கொடுத்து அந்தத் தண்டில் ஒரு தாழைக்கோழி முடையச் சொல்வதைவிட, சென்னையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ ஓவியரை அழைத்துப் புலி வரையச் சொல்வது எளிது. புலி யாரையும் நெருடுவதில்லை. தாழைக்கோழியோ, அது வாழ்ந்த சதுப்பு எங்கே போயிற்று என்று கேட்கும். அந்தக் கேள்வி ஓவியத்துக்குப் பணம் கொடுத்தவரின் வாகன நிறுத்தத்தில் போய் முடியவும் கூடும்.

கலைஞரைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை. அவரும் கூலிக்கு உழைப்பவரே. கேள்வி, பணம் கொடுத்துப் பெயர் பொறித்துக்கொள்ளும் நிறுவனங்களுக்கு. அடுத்த சுவருக்கு வண்ணம் வாங்குமுன், தங்கள் பெயருக்குக் கீழே மூன்று வரி சேர்த்து எழுதட்டும்: எத்தனை டன் களை அகற்றப்பட்டது, யாருக்குக் கூலி போயிற்று, எவ்வளவு. எழுத முடியாதென்றால் சுவரை வெறும் சுண்ணாம்போடு விட்டுவிடட்டும்.