சங்கீதமும் சர்வகலாசாலையும்

சர்வகலாசாலையில் சங்கீதம் படிக்கும் பிள்ளையைக் கண்டால், "எங்கே, ஒரு கீர்த்தனம் பாடு" என்கிறார்கள் நம்மவர். பாடுவது வேறு, சங்கீத சாஸ்திரத்தை ஆராய்வது வேறு என்னும் பேதம் இன்னும் அவர்களுக்குப் புலப்படவில்லை. பாட்டுக்குக் குருவின் வீடும் சபாக்களும் உண்டு. சாஸ்திர விசாரணைக்குச் சர்வகலாசாலையை விட்டால் வேறு எங்கே போவது?

சென்னைச் சர்வகலாசாலையில் இந்திய சங்கீதத்துக்கென்று தனி இலாகா ஏற்பட்டது 1932-ஆம் வருஷத்திலேதான். அதற்கு முன்பே, தஞ்சையில் சித்த வைத்தியராக விளங்கிய ஆபிரகாம் பண்டிதர், சங்கீத மகாநாடுகள் கூட்டி, 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டுவிட்டார். ஒரு ஸ்தாயியில் சுருதிகள் 22 என்பது சம்ஸ்கிருத நூல்களின் கொள்கை. அன்று, சம அளவான 24 என்றார் பண்டிதர். 1947-இல் 'யாழ் நூல்' வெளியிட்ட விபுலானந்த அடிகளோ 22 என்றே கணக்கிட்டார். இருவரும் சிலப்பதிகாரத்தை ஆதாரங்காட்டினர் என்பதுதான் விசித்திரம்!

ஒரே பத்திரத்தை இரு கட்சியாரும் தமக்குச் சாதகமாகக் காட்டுவது வக்கீல்களாகிய எமக்குப் புதிதன்று. அப்போது சாட்சியைக் கூண்டில் ஏற்றுவோம். இங்கே சாட்சி யார்? தேவாரத்தைப் பரம்பரையாகப் பாடிவரும் ஓதுவாரும், நாகஸ்வர வித்வானுமே. அவர்களுடைய ஸ்வரம் எந்த ஸ்தானத்தில் நிற்கிறது, கமகத்தில் எவ்வளவு அசைகிறது என்பதை இன்று கம்ப்யூட்டர் கொண்டு நுட்பமாக அளந்துவிடலாம். ஓதுவார் இக்காலத்தில் பாடுவது ராகமே, பழைய பண் அன்று என்று ஆக்ஷேபிப்பார் உளர். ஆக்ஷேபிக்கட்டும், குறுக்கு விசாரணை இல்லாமல் எந்தச் சாட்சியத்தையும் ஏற்கும்படி நாம் சொல்லவில்லை.

ஆகவே, இத்துறையில் புகும் மாணவனுக்குக் குரல் இனிமை ஒன்றே போதாது. தமிழும் சம்ஸ்கிருதமும் தெரியவேண்டும். குடுமியான்மலைப் பாறையில் ஸ்வரங்கள் பொறித்த சாஸனத்தை வாசிக்கக் கிரந்த லிபி தெரியவேண்டும். ஒலியின் பௌதிகமும் தெரியவேண்டும். இவ்வளவையும் ஒரே மதிலுக்குள் வைத்திருப்பது சர்வகலாசாலை ஒன்றே. ஆயினும் ஓர் இலாகாவின் மாணவன் அடுத்த இலாகாவின் படியேறுவது அபூர்வமாகவே இருக்கிறது. பௌதிகப் பரிசோதனைச் சாலையில் ஒரு யாழைச் செய்து மீட்டிப் பார்த்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

வருகிற வருஷத்துப் பாடத்திட்டத்திலேயே இதற்கு வழி செய்யவேண்டும். பட்டம் உண்டா என்று கேளாமல், ஓதுவார் ஒருவரையும் நாகஸ்வர வித்வான் ஒருவரையும் தக்க சம்பளத்துடன் ஆராய்ச்சிக்கு அமர்த்துமாறு செனட் அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.