தேடிப் பார்த்துட்டு எழுதுங்க

ஓம் சக்தி.

கொஞ்சம் நீளமான பதிவு. முழுசா படிச்சிட்டு அப்புறம் ஷேர் பண்ணுங்க. படிக்காம ஷேர் பண்றதைப் பத்தியும் இதுல பேச வேண்டியிருக்கு.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு, அன்னதானப் பாத்திரங்களை நாங்க கழுவிக்கிட்டு இருந்தோம். தொண்டர் தம்பி ஒருத்தர் போனை நீட்டினார். ஒரு செய்தித் தளத்துல சிம்பாங் ரெங்கம் பக்கத்துத் தோட்டக் கோயில்களைப் பத்தி எழுதியிருக்காங்க. அதுல நம்ம கோயில் பேரும் இருக்கு. பேருக்கு முன்னால 'ஹராம்'னு ஒரு பட்டம். போட்டிருக்கிற படத்துல பெரிய ராஜகோபுரம். நமக்கு ஏதுய்யா ராஜகோபுரம்? ஸிங்க் கூரையும் ஒரு சின்ன விமானமும்தானே இருக்கு! கோயில் கட்டிப் பத்து வருஷம்தான் ஆச்சுன்னு வேற எழுதியிருக்காங்க. பத்து வருஷத்துக்கு முன்னால நாம கூரைதான் மாத்தினோம்.

எழுதினவர் இங்கே வரலை. தலைவருக்கோ செயலாளருக்கோ போன் வரலை. எங்கிருந்து எடுத்தார்னு பார்த்தா, யாரோ ஒருத்தர் ஃபேஸ்புக்ல போட்ட பதிவு. அதை அப்படியே தூக்கிச் செய்தியாக்கிட்டார்.

நாங்க ஃபேக்டரியில வேலை பார்க்கிறவங்க. ஒரு பொருள் ரிஜெக்ட்னு எழுதணும்னா, எந்த லைன், எந்த ஷிஃப்ட், எந்த மெஷின்னு போய்ப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடணும். ஒரு அட்டைப்பெட்டிக்கே இவ்வளவு விசாரணை. மூணு தலைமுறை கும்பிட்ட தெய்வத்தோட வீட்டுக்கு விசாரணை வேண்டாமா?

எங்கே தேடணும்னு பத்திரிகைக்காரங்களுக்கு நாங்க சொல்லித் தரணுமாம்! சரி, சொல்றோம்.

முதல்ல நில அலுவலகம். யார் வேணும்னாலும் கட்டணம் கட்டி, ஒரு நிலத்தோட கிராண்ட் யார் பேர்ல இருக்குன்னு தேடிப் பார்க்கலாம். தேசிய நிலச் சட்டத்துலயே 384, 385-ஆம் பிரிவுகள்ல அதுக்கு வழி இருக்கு. ரெண்டாவது, நகராண்மைக் கழகத்துல இருக்கிற கடிதங்கள். மூணாவது, சங்கப் பதிவிலாகாவுல கோயில் நிர்வாகம் வருஷா வருஷம் கொடுக்கிற அறிக்கை. நாலாவது, பழைய பத்திரிகை. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை இணையத்துல போட்டு வச்சிருக்கு. 1845-ல ஆரம்பிச்ச ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் இருக்கு, தமிழ் முரசு இருக்கு. தோட்டத்தோட பேரை அடிச்சுத் தேடினா என்ன கிடைக்குதுன்னு பார்க்கலாம். அஞ்சாவது, கோயில் வாசல்ல உட்கார்ந்திருக்கிற பாட்டி. அந்தப் பாட்டி பால் மரம் வெட்டின காலத்துல இந்தச் சாமி எந்த மரத்தடியில இருந்துச்சுன்னு சொல்வாங்க. அவங்க சொல்றதையும் அப்படியே நம்ப வேண்டாம், மத்த நாலோட சேர்த்துப் பாருங்க.

இதெல்லாம் நடக்காத காரியம் இல்லை. நம்ம ஊர் ஆத்துத் தண்ணியில குப்பைமேட்டுக் கழிவு கலந்து, அமோனியா ஏறி, வீட்டுக் குழாய் நின்னுபோனது ஞாபகம் இருக்கா? அப்போ செய்திகள்ல எந்த ஆறு, எந்த நீர் சுத்திகரிப்பு நிலையம்னு பேரோட வந்துச்சு. தண்ணி விஷயத்துல எது எங்கேன்னு பார்த்து எழுதத் தெரியுது. கோயில்னு வந்தா மட்டும் ஏன் கை சோம்பல் படுது?

'ஹராம்'ங்கிற சொல்லையும் யோசிச்சுப் பாருங்க. மலாயில அதுக்குச் சட்டவிரோதம்னும் பொருள் உண்டு, மதத்துல விலக்கப்பட்டதுன்னும் பொருள் உண்டு. ஒரு வழிபாட்டு இடத்தோட பேருக்கு முன்னால அதை ஒட்டினா, படிக்கிறவங்க மனசுல ரெண்டு பொருளும் சேர்ந்துதான் விழும். 'நிலப் பட்டா இல்லாத கோயில்'னு எழுதினா உண்மையும் கெடாது, யார் மனசும் புண்படாது.

பட்டா ஏன் இல்லைன்னும் தேடணும். நம்ம முன்னோர் ரப்பர் தோட்டத்துக்கு வந்தப்போ துரையோ கிராணியோ "அந்த ஓரத்துல கட்டிக்கோ"ன்னு வாயால சொன்னதுதான் அனுமதி. ரயில் பாதை போட்டவங்களும் ரோடு போட்டவங்களும் அப்படித்தான் கட்டினாங்க. தேசிய நிலச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 1966 ஜனவரி முதல் தேதி. அதுக்கு முன்னாலேயே நட்ட சூலம் எத்தனை! அப்புறம் தோட்டம் கை மாறிச்சு, நிலம் வித்துப்போச்சு. சாமி இருந்த இடத்துல இருந்துச்சு, காகிதம்தான் வேற ஆள் கைக்குப் போச்சு.

2025 மார்ச்சுல கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில் விஷயத்தை நாடே பேசிச்சு. 130 வருஷத்துக்கு மேல பழமையான கோயில்னு கோயில் தரப்பு சொன்னது. அந்த நிலத்தை மாநகர் மன்றம் 2014-லேயே ஜேக்கல் நிறுவனத்துக்கு வித்திருந்துச்சு. நிறைய பேர் "நிலம் அவங்களுது, கோயில் வழி விடணும்"னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க. கிராண்ட் யார் பேர்ல இருக்குன்னு பார்க்கிறது பாதி வேலைதான். அது எப்படி அவங்க பேருக்குப் போச்சு, விக்கும்போது அங்கே கும்பிட்டுக்கிட்டு இருந்தவங்களுக்கு என்ன பதில் சொன்னாங்கன்னு தேடறதுதான் மீதிப் பாதி. அதைச் சில பேர் தேடிக் கேட்டாங்க. கடைசியில சுமார் 50 மீட்டர் தள்ளி மாற்று இடம்னு பேசி முடிவாச்சு.

தேடாம எழுதினா, பரப்பினா என்ன ஆகும்னு 2018 நவம்பர்ல சுபாங் ஜெயா சீஃபீல்ட் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில்ல பார்த்தோம். கோயிலை இடம் மாத்தறது பத்தின நீதிமன்ற உடன்பாடு 2014-லேயே பதிவாகியிருந்துச்சு. விஷயம் நாலு வருஷமா கோர்ட் ஃபைல்ல கிடந்துச்சு. ஆனா 26-ஆம் தேதி விடியறதுக்குள்ள வாட்ஸ்ஆப்ல அது இந்து–முஸ்லிம் சண்டை ஆயிடுச்சு. இது இன மோதல் இல்லைன்னு அரசாங்கம் சொல்றதுக்குள்ள நெருப்பு பரவிடுச்சு. மறு இரவு உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர் முகமட் அடிப்புக்குப் பலத்த காயம். வயசு 24. டிசம்பர் 17-ல இறந்துட்டார். அவர் எப்படிக் காயப்பட்டார்னு ஊர் முழுக்க அன்னைக்கே தீர்ப்புச் சொல்லிட்டாங்க. மரண விசாரணை நீதிமன்றம் சாட்சிகளைக் கேட்டு, அடையாளம் தெரியாத ரெண்டு பேரோ அதுக்கு மேலயோ செய்த குற்றச் செயல்தான் காரணம்னு சொன்னது 2019 செப்டம்பர் 27-ல. கோர்ட்டுக்கு மாசக்கணக்கு ஆனதை நம்ம விரல் ஒரு நிமிஷத்துல முடிச்சிடுது. அந்தப் பிள்ளையைப் பெத்த தாய்க்கும் வயிறு எரிஞ்சிருக்கும். அதை நாம மறக்கக் கூடாது.

தேடறதுக்கும் ஒரு முறை இருக்கு. 2009-ல 'அல் இஸ்லாம்' மாத இதழ்க்காரங்க, தாங்க யாருன்னு சொல்லாம ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்துக்குள்ள போனாங்க. முஸ்லிம்களை மதம் மாத்தறாங்களான்னு பார்க்கப் போனாங்களாம். அதுக்கு ஆதாரம் கிடைக்கலை. ஆனா அங்கே கொடுத்த திருவிருந்து அப்பத்தை வாயில வாங்கி, துப்பி, படம் எடுத்துப் போட்டாங்க. மறு வருஷம் அந்த இதழ் மன்னிப்புக் கேட்டுச்சு. நாளைக்கு நம்ம திருநீற்றையும் தீர்த்தத்தையும் ஒருத்தர் அப்படிச் செய்தா நமக்கு எப்படி இருக்கும்? வாசல்ல வந்து "நான் நிருபர்"னு சொல்லுங்க. செருப்பைக் கழட்டிட்டு வாங்க. ஒரு பிடி சாதமும் போட்டு, கேட்டதுக்குப் பதிலும் சொல்றோம்.

இப்போ நம்ம பக்கம். கோபப்படாதீங்க.

நிருபர் கேட்டா காட்ட நம்மகிட்ட என்ன இருக்கு? பழைய கூட்டக் குறிப்பு கரையான் தின்னுடுச்சு. தோட்டத்து மேனேஜர் கொடுத்த கடிதம் யார் வீட்டுப் பெட்டியிலயோ இருக்கு. இன்னொரு பழைய கோயிலைப் பத்தித் தப்பா எழுதினப்போ நாமளும் தேடாமத்தானே "பார்த்தீங்களா அநியாயத்தை"ன்னு தட்டி விட்டோம்? நம்ம கோயில் பேர் வந்தப்போ மட்டும் வலிக்குது.

அதனால நாங்க தொண்டர்கள் கேட்டுக்கிறது இதுதான்.

வீட்டுல பழைய கும்பாபிஷேகப் பத்திரிகை, திருவிழா ரசீது, தாத்தா காலத்துப் போட்டோ, தமிழ் நேசன்ல வந்த வெட்டு, எது இருந்தாலும் வர்ற வெள்ளிக்கிழமை கொண்டு வாங்க. 1924-ல தொடங்கின தமிழ் நேசன் 2019-ல நின்னுபோச்சு. உங்க அலமாரியில இருக்கிற ஒரு துண்டுகூட நமக்கு ஆதாரம். படம் எடுத்துக்கிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துடுவோம்.

அந்தச் செய்தித் தளத்துக்கு நிர்வாகத்தின் மூலமா மரியாதையாத் திருத்தம் கேட்டு எழுதுவோம். திருத்தலைன்னா இப்போ மலேசிய ஊடக மன்றம் இருக்கு. 2025-ல சட்டம் போட்டு அமைச்சது. அங்கே புகார் கொடுக்கலாம். 2024-ல வந்த பத்திரிகையாளர் நெறிமுறையும் தகவலைச் சரிபார்க்கணும்னுதான் சொல்லுது.

யாரும் அந்த நிருபரைத் திட்டி கமெண்ட் போடாதீங்க. அவர் குடும்பத்தை இழுக்காதீங்க. அவர் வந்தா உட்கார வச்சுக் காகிதத்தைக் காட்டுவோம். காகிதத்தைப் பார்த்த பிறகும் பொய் எழுதினா, அப்போ சட்டப்படி பேசுவோம்.

அம்மன் கோயில்ல பொய்ச் சத்தியம் பண்ணக் கூடாதுன்னு சின்னப் பிள்ளையில சொல்லிக் கொடுத்தாங்க. எழுதுறவங்களுக்கும் அதுதான், ஃபார்வர்ட் பண்ற நமக்கும் அதுதான்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் பூஜைக்கு வாங்க, கையில ஒரு பழைய காகிதத்தோட வாங்க.

ஓம் சக்தி.