லேப்டாப் வாங்கப் போறீங்களா? ரேம்ல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்!

காலேஜ் பேக்ல அடங்கணும், சாயங்காலம் வேலரன்ட்டும் ஓடணும். இப்படி ஒரு லேப்டாப் தேடுறீங்களா? முதல்ல ரேமைப் பாருங்க.

ஏ.ஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொள்வதால், 2025 இறுதியில் ரேம் விலை எகிறியது. ரேம் விற்றுவந்த தன் 'க்ரூஷியல்' பிராண்டையே கைவிடுவதாக மைக்ரான் நிறுவனம் அந்த டிசம்பரில் அறிவித்தது.

அதுக்காக விலை கம்மியா இருக்கேன்னு 8 ஜி.பி மாடலை எடுத்துடாதீங்க. மெல்லிய லேப்டாப்களில் பெரும்பாலும் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்காது. கேமுக்கான மெமரியும் அதே ரேமிலிருந்துதான் போகும். பல மாடல்களில் ரேம், போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும். பிறகு கூட்ட முடியாது.

16 ஜி.பி-க்குக் கீழே இறங்காதீங்க. பட்ஜெட் இடிச்சா ஸ்டோரேஜைக் குறைங்க, எஸ்.எஸ்.டி-யைப் பல மாடல்களில் பின்னாடி மாத்திக்கலாம்.