கைமீறும் கோபத்துக்கும் சிகிச்சை உண்டு

1846 ஜூலையில் பினாங்கில் சுனான் என்ற வீடுகட்டும் மலாய்த் தொழிலாளி திடீரென வெறிகொண்டு எதிர்ப்பட்டவர்களைத் தாக்கினார். மாண்டவர்களில் தந்தையின் கையிலிருந்த தென்னிந்தியச் சிறுமியும் உண்டு. மனைவியையும் ஒரே பிள்ளையையும் பறிகொடுத்து மனம் பேதலித்தவர் சுனான் என விசாரணையில் தெரிந்தது. நீதிபதி வில்லியம் நோரிஸ் தூக்குத் தண்டனை விதித்தார்.

‘அமோக்’ எனப்படும் இத்தகைய வெறித்தாக்குதல் மலாய்க்காரரின் இயல்பு என்று காலனி அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். தவறு. பெருந்துயரும் மனநோயும் எந்த இனத்தவரையும் நிலைகுலைக்கும்.

அடங்காத கோப வெடிப்பு, தேவையின்றித் திருடத் தூண்டும் உந்துதல், தீவைக்கும் உந்துதல் ஆகியவற்றை இன்றைய மருத்துவம் கோளாறுகளாகவே காண்கிறது. பேச்சு சிகிச்சையும் மருந்தும் உதவுகின்றன. நம் வீடுகளிலோ “அவனுக்கு முன்கோபம்” என்று மூடிமறைக்கிறோம், அடிபடுவது மனைவியும் பிள்ளைகளும். மலேசியச் சுகாதார அமைச்சின் 15555 மனநல உதவி எண்ணைக் கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் சுவரில் எழுதி வைக்கட்டும்.